தம்பியின் விபத்து வழக்கு: செஷன்ஸிலிருந்து ஈப்போ உயர் நீதிமன்றம் வரை

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டச் சந்தியில் லாரி மோதித் தம்பியின் கால் உடைந்தது. ஒரே விபத்துக்கு இரண்டு வழக்கு. ஓட்டுநர் மீது அரசுத் தரப்பு போட்ட குற்றவியல் வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். அந்தப் பணம் அரசாங்கத்துக்குத்தான், தம்பிக்கு ஒரு காசும் வராது என்று அம்மாவுக்குப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

நஷ்ட ஈட்டுக்கு நாங்கள் தனியாகச் சிவில் வழக்குப் போட்டோம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 ரிங்கிட் வரைதான் விசாரிக்கும். அதற்கு மேல்படியான செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் பொதுவாக 10 லட்சம் வரம்பு. வாகன விபத்து வழக்குக்கு அந்த வரம்பும் கிடையாது. அதனால் செஷன்ஸுக்குப் போனோம்.

விபத்தை நேரில் பார்த்தவர் பக்கத்து வீட்டு அக்கா. மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழிலேயே சாட்சி சொன்னார். "அக்கா, பார்த்ததை மட்டும் சொல்லுங்க, ஆனா ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று எங்கள் வழக்கறிஞர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

தீர்ப்பில் பாதித் தவறு தம்பியுடையது என்றார்கள். ஈடும் பாதியாகக் குறைந்தது. அதை எதிர்த்து ஈப்போ உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தோம். மேல்முறையீட்டு அறிவிப்பை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து ஓடுகிறது. எழுத்து மூலமான தீர்ப்பு கைக்கு வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

"அக்காவை மறுபடியும் கூட்டிப் போகணுமா?" என்று அம்மா கேட்டார். தேவைப்படவில்லை. ஈப்போ உயர் நீதிமன்றத்தில் யாரும் கூண்டில் ஏறவில்லை. கீழ் நீதிமன்றத்தின் விசாரணைக் குறிப்புகளையும் ஆவணங்களையும் தீர்ப்பையும் வைத்துத்தான் வாதம். புதிய சாட்சியத்தை அங்கே சேர்ப்பது மிகவும் அரிது. சாட்சிகளை நேரில் பார்த்தவர் கீழ் நீதிபதி என்பதால், அவர் நம்பியதை மேலே லேசில் மாற்ற மாட்டார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது போலீஸ் வரைபடம். அக்கா சொன்ன இடமும் அதில் இருந்த இடமும் அப்படியே பொருந்தின. தீர்ப்பிலோ அந்த வரைபடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வழக்கறிஞர் அதையே பிடித்து வாதாடினார். தம்பியின் பங்கு 20 விழுக்காடாகக் குறைந்தது.

அடுத்த படி புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம். தொகை 250,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் அங்கே போகவே முன் அனுமதி வேண்டும். செஷன்ஸில் தொடங்கிய வழக்குக்கு அதுதான் கடைசிப் படி, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போகாது. லாரியின் காப்புறுதித் தரப்பு அனுமதி கேட்கவில்லை. அப்புறம் காசோலை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.