ஏழுகிணறு வரை வெறுங்காலோடு

“முப்பது வருஷமா மெட்ராஸ்ல இருக்கேங்கற. பட்டணம் கோயில் எங்க இருக்குன்னு கேட்டா முழிக்கிற” என்று அத்தை சொன்னபோது சுருக்கென்றுதான் இருந்தது. பாரிமுனைக்கு நான் போகாதவன் இல்லை. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை, கோடவுன் தெருவில் சட்டைத் துணி, பூக்கடையில் மாலை. போன வேலை முடிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். அங்கே நிமிர்ந்து பார்க்க ஏதாவது இருக்கும் என்று தோன்றியதே இல்லை. நிமிர்ந்தால் மீன்பாடி வண்டி காலில் ஏறிவிடும்.

அத்தை ஏழுகிணற்றில் பிறந்து வளர்ந்தவர். 1974இல் கல்யாணமாகி நங்கநல்லூருக்கு வந்தவர், அப்பா அம்மா போன பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முழங்கால் வலி ஒரு காரணம். இப்போது அவருக்குக் கந்தகோட்டத்து முருகனைப் பார்க்க வேண்டும், போகிற வழியில் மற்றவர்களையும் பார்த்துவிட வேண்டும். “மற்றவர்கள்” என்றால் காளிகாம்பாள், கேசவப் பெருமாள், மல்லீசுவரர் எல்லாரும். ஊருக்குப் போனால் சொந்தக்காரர் வீடுகளில் தலைகாட்டிவிட்டு வருவதுபோல.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறினோம். வண்டி மாறாமல் மண்ணடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அத்தைக்கு நம்ப முடியவில்லை. பிறந்த வீட்டுக்குப் போவது ஒரு காலத்தில் அவருக்கு ஒரு நாள் வேலை.

ஏழரை மணி தம்புச் செட்டித் தெருவை நான் பார்த்ததே இல்லை. ஷட்டர்கள் மூடியிருக்க, தெரு திடீரென்று அகலமாகத் தெரிந்தது. காளிகாம்பாள் சன்னதியில் மட்டும் எலுமிச்சை மாலையும் செவ்வரளியுமாகக் கூட்டம். மேற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலத்தில் இவள் கோட்டையம்மன். கோட்டைக்குள் இருந்தவள், வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தாள். சத்ரபதி சிவாஜி 1677 அக்டோபர் 3ஆம் தேதி இங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார் என்று கோயில் வரலாறு சொல்கிறது. சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாளில் பாரதியார் வந்து நின்றதும் இந்த அம்மன் முன்னால்தான் என்பார்கள். அத்தைக்கு அந்தப் பெருமையிலெல்லாம் அக்கறை இல்லை. “நாத்தனார் மாதிரி. போகலன்னா கோச்சுக்குவா” என்று சொல்லிவிட்டுக் குங்குமத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த தெருவுக்கு ஆர்மீனியர் தெரு என்று பெயர். ஆர்மீனிய வியாபாரிகள் இருந்த இடம். 1772இல் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. நம் ஆட்கள் வாயில் அது ‘அரண்மனைக்காரத் தெரு’ ஆகிவிட்டது. எந்த அரண்மனை என்று யாரும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை என்பதால் அந்தோணியார் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி வியாபாரம் சூடாக இருந்தது. நெற்றியில் காளிகாம்பாள் குங்குமத்தோடு இரண்டு பெண்கள் உள்ளே போனார்கள். அதே தெருவில் கச்சாலீசுவரர். அவருக்கு ஒரு கும்பிடு.

பிராட்வேயைத் தாண்டுவது தனி யாத்திரை. அதை எழுதினால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும்.

பட்டணம் கோயில் தேவராஜ முதலித் தெருவில் இருக்கிறது. கண்ணாடிச் சாமானும் பிளாஸ்டிக் பூவும் விற்கிற கடைகளுக்கு நடுவே, பக்கத்துப் பக்கத்து வீடுபோல சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும். இதே வாசலைத் தாண்டி எத்தனை முறை போயிருப்பேன்! இவர்களும் இடம் மாறி வந்தவர்கள்தான். இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் இருந்தது பழைய கோயில். பிரெஞ்சுக்காரன் வந்தால் பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று கம்பெனி 1757இல் அதை இடித்தது. சனங்கள் கொதித்துப்போக, இங்கே மாற்று இடம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கைப்பணம் போட்டு, மற்றவர்களிடமும் திரட்டிக் கட்டி முடித்தார். சட்டம் பேசுகிற இடத்தில் இருந்தவர் கண்ணாடிக் கடைக்கு நடுவில் குடியிருக்கிறார். முகத்தில் வருத்தம் ஏதும் தெரியவில்லை.

புரட்டாசியில் திருமலைக்குப் போகிற திருக்குடைகள் புறப்படுவது இந்த வாசலிலிருந்துதான். குடை யானைக்கவுனியைத் தாண்டுகிற வரைக்கும் அத்தையின் பாட்டி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாராம். “கவுனி தாண்டிடுச்சு” என்று பையன்கள் ஓடிவந்து சொன்ன பிறகுதான் வாயில் சோறு. நாலு மணி, சில வருஷம் அதற்கும் மேலே. “நாங்க பசியில கவுனியத்தான் திட்டுவோம், பெருமாளத் திட்ட முடியுமா?” என்றார்.

கந்தகோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. ராசப்ப செட்டித் தெரு முழுதாக விழித்துவிட்டிருந்தது. “ஓரம்! ஓரம்!” என்று மூட்டைகள் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். கோபுரத்தைத் தெருவிலிருந்து ஒழுங்காகப் பார்க்க ஒரு கோணம் கிடைக்காது. உள்ளே நுழைந்தால் அந்த இரைச்சல் பாதியில் அறுந்துவிடுகிறது. இத்தனை கடைகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு குளம்! சரவணப் பொய்கை. அதன் படிக்கட்டில் நிழல். ஒரு சுமைதூக்கும் தொழிலாளி தலைச்சும்மாட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கும்பிடுகிறாரா தூங்குகிறாரா தெரியவில்லை. இரண்டும்தான் போல.

இந்த முருகனும் வந்தேறிதான். முத்தியால்பேட்டை மாரி செட்டியாரும் அவர் சிநேகிதர் கந்தப்ப ஆசாரியும் கிருத்திகைதோறும் திருப்போரூருக்கு நடந்தே போவார்களாம். 1673இல் ஒரு நாள் மழையில் மாட்டிக்கொண்டு மடத்தில் தங்கியபோது கனவில் சொல்லி, புற்றிலிருந்து எடுத்துவந்த மூர்த்தி என்கிறது தல வரலாறு. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கனவு இல்லை. ஒரு செட்டியாரும் ஓர் ஆசாரியும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு சென்னை வரைக்கும் நடந்த நடைதான்.

சன்னதியில் ஓர் அம்மாள் வள்ளலாரின் தெய்வமணிமாலையை முனகலாகப் பாடிக்கொண்டிருந்தார். ‘தருமமிகு சென்னையில் கந்தகோட்டத்துள் வளர்’ என்ற இடம் வந்ததும் அத்தையும் சேர்ந்துகொண்டார். முப்பத்தோரு பாட்டும் அவருக்கு மனப்பாடம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தைக்கு இடம்விட்டு ஓரடி நகர்ந்தார், அவ்வளவுதான். பாட்டு முடிகிற வரைக்கும் இருவரும் ஒரே சுருதியில் நின்றார்கள். பிறகு யார் பேரும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். காசு கொடுத்து விட வேண்டிய இடத்தில் விடாமல், சாமர்த்தியமாக ஒரு தூணோரம் ஒளித்துவைத்ததன் பலன். எதிரே தெருவில் புதுச் செருப்பு வாங்கலாம் என்று ஒரு கடையில் கேட்டேன். “டஜன் எடுத்துக்கறீங்களா? சில்லறை கிடையாது சார்.” அடுத்த கடையிலும் அதே பதில். ஜார்ஜ் டவுனில் நூறு ஜோடி வாங்கலாம், ஒரு ஜோடி வாங்க முடியாது.

“வா, நடந்தே போலாம். எங்க வீட்ட பாத்துட்டுப் போயிடலாம்” என்றார் அத்தை, ஏதோ இதற்காகவே காத்திருந்தவர்போல.

ராமலிங்கர் ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் இருந்த நாளில் கந்தகோட்டத்துக்கு நடந்து வருவார். நாங்கள் அதையே திருப்பி நடந்தோம். தங்கசாலைத் தெருவில் தார் சுட ஆரம்பித்திருந்தது. நிழல் விழுகிற பக்கமாகத் தாவித் தாவிப் போனேன். வழியில் ஒரு சேட்டுக் கடையில் அகலமான இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கரண்டியால் ஆடையை ஒதுக்கி ஒதுக்கிச் சட்டியின் ஓரத்தில் ஒட்டவைக்கிறார். அது காய்ந்து மஞ்சளாகி வளையம் வளையமாக நிற்கிறது. கேட்டால், சுரண்டி பாலின்மேல் ஒரு துண்டு போட்டுத் தருகிறார். கூடவே சுடச்சுட ஜிலேபி. அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அன்றைக்கு நான் எதுவும் பார்க்கவில்லை.

வள்ளலார் இருந்த வீட்டின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டோம். மாடி அறையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்த பையனுக்குத் தணிகை முருகன் தெரிந்தது இங்கேதான். இன்னும் தள்ளி, கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772இல் கம்பெனி வெட்டிய கிணறுகள். பேட்டைக்கே அதனால்தான் பேர். அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.

அத்தை வீடு இருந்த சந்துக்கு அத்தை இரண்டு முறை தவறாகத் திரும்பினார். மூன்றாவதில் நின்றார். வீடு இல்லை. கீழே கோடவுன், மேலே மூன்று மாடி. பழையதில் மிச்சம் வாசற்படிக் கல் ஒன்று மட்டும், அதுவும் பாதி சிமெண்டுக்குள். அதன்மேல் உட்கார்ந்து ஒரு பையன் டிபன் பாக்ஸில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிழவியைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டான். அத்தை உட்கார்ந்தார். கந்தகோட்டத்து விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, ஷட்டர் பூட்டின்மேல் விரலால் ஒரு கீற்று இட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது? அவன் ரொட்டிக் கையை பேண்டில் துடைத்துக்கொண்டு, “மாஜி” என்று நெற்றியை நீட்டினான்.

இட்டுவிட்டு, என் காலைக் காட்டி அவனிடம் தமிழிலேயே கேட்டார்: “இவனுக்கு ஒரு செருப்பு கிடைக்குமா இங்க, ஒண்ணே ஒண்ணு?”