வேகத்தைக் குறைத்த பிறகு: என் வேத வாசிப்பு, யோபு வரை

வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். ஓய்வு பெற்றதும் நானும் அந்தக் கணக்கில்தான் தொடங்கினேன். அட்டவணை நகர்ந்தது, ஆனால் காலையில் வாசித்தது மத்தியானம் மனதில் இல்லை.

நான் கேஜிஎஃப்காரன், அதாவது கோலார் தங்கவயல். 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடியதும் ஊர்க்காரர்கள் பலரைப் போல விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோனேன். ஞாயிறு ஆராதனைக்கு உடம்பு எழும்பாது. ஜெபம் மெல்ல நின்றுபோனது, புத்தகமும் அப்படித்தான். இப்போது பெங்களூர் லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறோம். கண்புரை அறுவைக்குப் பிறகு பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வாங்கினேன். வயதானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

வழி காட்டியது வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் 119ஆவது. 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். எபிரெய மூலத்தில் ஒரு பகுதியின் எட்டு வசனங்களும் ஒரே எழுத்தில் தொடங்கும். நம் ஆத்திசூடிபோல அதுவும் எழுத்து வரிசையில் கட்டிய பாட்டு. நாளுக்கு ஒரு பகுதி, வாய்விட்டு, இரண்டு தடவை வாசித்தேன். வாசித்த வசனமே ஜெபமாக வர ஆரம்பித்தது. அதிகாரக் கணக்கை அன்றோடு விட்டேன்.

இப்போது யோபு, பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த ஒரு நல்ல மனிதரைப் பற்றிய வேதாகமப் புத்தகம். கீழ் வீட்டு அண்ணனுக்குப் பார்வை மங்கல், அதனால் மாலையில் அவருக்கும் சேர்த்து வாசிக்கிறேன். மனைவியைப் பறிகொடுத்தவர். இரண்டாம் அதிகாரக் கடைசியில் நண்பர்கள் மூவரும் யோபுவோடு ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "தம்பி, அதை இன்னொரு தடவை வாசிப்பா" என்றார். வாசித்தேன். "துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் கர்த்தர் சித்தம்னு சொன்னாங்க. இப்படி யாரும் உட்காரல" என்றார். அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை.

நண்பர்கள் வாய் திறந்த பிறகு வரும் வாக்குவாதம் நீளம்தான். தாண்டிப் போய்விடாதீர்கள். அவ்வளவு பேச்சையும் கேட்டால்தான் 38ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசும்போது உடம்பு சிலிர்க்கும். முன்பு உம்மைப்பற்றிக் காதால் கேட்டிருந்தேன், இப்போதோ கண்ணே காண்கிறது என்று யோபு கடைசியில் சொல்கிறார். பிரசங்கம் கேட்டே வளர்ந்த எனக்கு அது அப்படியே பொருந்துகிறது.

அடுத்து எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி, கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்துப் பிள்ளை விருத்தத்தில் பாடி 1894இல் வெளியிட்ட காவியம். உரையோடு உள்ள பதிப்பாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் இப்போதே கேட்கிறார், ராகம் போட்டு வாசிப்பாயா என்று. எனக்குக் குரல் சுமார்தான், முயன்று பார்க்கிறேன் என்றிருக்கிறேன்.