கொழும்பின் ஈரத்தில் ஒரு தாவரவியல் படிப்பு

திருநெல்வேலியிலிருந்து கொழும்புக்கு மேற்படிப்புக்குப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் விசாரித்தது பாஷையையும் சாப்பாட்டையும் பற்றித்தான். இரண்டிலும் எனக்குப் பெரிய பாடு இல்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. காலி வீதிக்கு வந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகள், கோயில் மணி, இடியப்பமும் சொதியும். விசா வேலை அலைச்சல்தான், ஆனாலும் காகிதங்கள் சரியாக இருந்தால் முடிந்துவிடும். எனக்குப் பழக நாளானது இந்த ஊர்க் காற்றின் ஈரம்.

கொழும்பில் ஆண்டுக்கு 2,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எங்கள் ஊருக்குக் கிடைப்பது அநேகமாக அதில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் படிப்பில் செடியைப் பூவோடு பறித்து, செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து, பலகை வைத்து இறுக்கிக் காயவைத்து, பிறகு கெட்டித் தாளில் ஒட்டி இனம், இடம், தேதி எழுதி வைத்தால்தான் அது ஆதாரம். ஊர் வெயிலில் சில நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இங்கே ஐப்பசி மழையில் அதே செடியை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் இலை கறுத்து, காம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். தினமும் தாள் மாற்ற வேண்டும், அதன்பின் பல்பு எரியும் உலர்த்தும் பெட்டியில் வைக்க வேண்டும். மழைக்காட்டுக்குப் போனால் அதுவும் நடக்காது. செய்தித்தாள் கட்டை ஸ்பிரிட்டில் நனைத்து, பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் மூடிக் கொண்டுவருவோம்.

வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். என் அறையில் வீரகேசரித் தாள்கள் விரிந்து கிடப்பதைப் பார்த்து முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் மாடிப்படியில் நின்று, "பேப்பர் காணுமோ பிள்ளை? பக்கத்து வீட்டிலயும் கிடக்கு, வாங்கித் தரட்டோ?" என்று கேட்டார். இந்த ஊரில் எனக்கு உறவு என்று ஒன்று தொடங்கியது அந்தப் பழைய பேப்பர் கட்டில்தான்.

செடிக்குப் பெயர் கண்டுபிடிப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இலங்கையில் கிடைக்கும் பதில் வேறெங்கும் இத்தனை தெளிவாகக் கிடைக்குமா என்று தெரியவில்லை. பவுல் ஹெர்மன் என்ற மருத்துவர் 1672இல் டச்சுக் கம்பெனி வேலைக்கு இங்கே வந்து, சில ஆண்டுகள் செடிகளைச் சேகரித்தார். அவர் உலர்த்தி வைத்த தாள்கள் பிற்பாடு, உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் கைக்குப் போய், 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தனி நூலாயின. அந்தத் தாள்கள் இன்றும் லண்டனில் இருக்கின்றன. எங்கள் ஊர் வேலியோரம் வெள்ளையாகப் பூக்கும் கொடிவேலியின் அறிவியல் பெயர் பிளம்பாகோ செய்லானிகா. இந்தத் தீவின் பெயர் அதில் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான காகிதத்தை வைத்து இன்றும் ஒரு பெயர் சரியா தவறா என்று தீர்க்க முடிகிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

என் மனதில் அதைவிட ஆழமாகத் தங்கியது சல்வீனியாவின் கதை. பிரேசிலைச் சேர்ந்த மிதக்கும் பெரணி அது. 1939இல் ஆய்வுக்காக இலங்கைக்கு வந்தது, அன்றைய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாகவே வந்தது. அங்கிருந்து தப்பிக் குளம், வாய்க்கால், வயல் எல்லாவற்றையும் மூடியது. கைலென்ஸில் அதன் இலையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். மேற்பரப்பு முழுக்க மயிர்கள். ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்து நுனியில் மறுபடி ஒன்றுசேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பியைப் போல இருக்கும். தண்ணீர் சொட்டுவிட்டால் ஒட்டாமல் உருண்டு ஓடும், அழுத்தி முக்கினாலும் மேலே வந்துவிடும். வேர் மாதிரித் தொங்குவது உண்மையில் நீருக்குள் இறங்கிய மூன்றாவது இலை. மற்றப் பெரணிகளைப் போல வித்திகள் மூலம் இனம் பெருக்க இதற்கு இயலாது. ஒரு துண்டு ஒடிந்தால் அதுவே புதுச் செடி, அவ்வளவுதான் அதன் பெருக்கம். ஏற்ற சூழல் அமைந்தால் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும்.

இதை வேறொரு இனமென்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1972இல்தான் மிட்செல் என்பவர் இது தனி இனம் என்று பிரித்துக் காட்டினார். அதற்கு முன் இதைத் தின்று அழிக்கட்டும் என்று தேடிக் கொண்டுவந்த பூச்சிகள் சொந்தக்கார இனத்தின் மேல் வாழ்ந்தவை, இதை அசைக்கவில்லை. சரியான இனம் தெரிந்த பிறகுதான் அதன் பிறப்பிடத்தைத் தேடிப் போனார்கள், இரண்டு மில்லிமீட்டர் அளவேயுள்ள சரியான கூன்வண்டும் கிடைத்தது. இலங்கையில் 1986இல் விட்டார்கள், பல நீர்நிலைகள் தெளிந்தன. பெயர் தவறிப்போனதால் வீணான ஆண்டுகளில் எத்தனை விவசாயிகள் வயலில் இறங்கி அதைக் கையால் வாரிப்போட்டிருப்பார்கள்! வகைப்பாட்டியலைப் பாடத்திட்டத்தில் ஓரமாக ஒதுக்குகிற இடங்களில் இந்த ஒரு கதையையாவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்போது நான் வேலை செய்வது கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டைப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில். 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கை ஈரநில நகரம் என்று அங்கீகரித்த ஊர்களில் கொழும்பும் ஒன்று. வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வது இந்தச் சதுப்புகள்தான். அவற்றுக்குள் சீத்தாப்பழத்துக்குச் சொந்தமான ஓர் அமெரிக்க மரம், இங்கே வெல் ஆத்த என்பார்கள், கூட்டமாக வளர்ந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. முழங்கால் சேற்றில் நின்று அதன் கன்றுகளை எண்ணுகிறோம். என்னோடு வருபவர்களில் மட்டக்களப்புத் தங்கச்சி ஒருத்தி, குருநாகல் தோழி ஒருத்தி. குறிப்பு எழுதுவது ஆங்கிலத்தில், பேச்சு மூன்று மொழியிலும்.

தாவரவியலில் மேலே படிக்க நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் ஒருமுறை பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் பல்லுயிர்க் கணக்கில் ஒரே வட்டாரம். நம் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் நெருங்கிய சொந்தம் இந்த நாட்டின் தென்மேற்கு மழைக்காட்டில் நிற்கிறது, ஹல் என்பார்கள். அதைப் பார்க்கப் போகும்போது அட்டைக்கென்று தைத்த நீளக் காலுறை கட்டாயம் வேண்டும். கொழும்பிலேயே வாங்கிக்கொள்ளலாம், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். நல்ல கைலென்ஸ் ஒன்றை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள்.