தூரத்துக்கு அடிக்கும் டார்ச் வேண்டுமா?

ஏற்காட்டுப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் டார்ச் வாங்கும்போது லூமென்ஸை மட்டும் கேட்காதீர்கள். அது மொத்த வெளிச்சம், அவ்வளவுதான். தூரத்தைச் சொல்வது கேண்டெலா, அதாவது ஒரே திசையில் பாயும் ஒளியின் செறிவு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கணக்கு வந்துவிடும். 40,000 கேண்டெலா என்றால் 400 மீட்டர். அதுவும் அந்தக் கடைசி இடத்தில் பௌர்ணமி வெளிச்சம் அளவுக்குத்தான் விழும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நிற்பது காட்டெருமையா பாறையா என்று பிரித்துப் பார்க்க, அந்தத் தூரத்தில் பாதிக்கும் கீழேதான் நம்ப வேண்டும்.

டார்ச்சின் முகத்தை நன்றாகப் பாருங்கள். எல்இடி சின்னதாக, அதைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டர் அகலமாக, ஆழமாக, வழவழவென்று இருந்தால் ஒளி குறுகிப் பாயும். ரிஃப்ளெக்டர் சொரசொரப்பாக இருந்தால் வெளிச்சம் பரவிவிடும். அது வாசலுக்குச் சரி, சரிவுக்கு உதவாது. விலை கட்டுப்படியாக வேண்டுமென்றால் கான்வாய் கம்பெனியின் சி8 வகை டார்ச்சைப் பாருங்கள்.

அப்புறம் பேட்டரி. இந்த மாதிரி டார்ச்சில் போடும் 18650 என்ற உருளை வடிவ ரீசார்ஜ் செல் மேல், அதன் கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் தொடவே வேண்டாம். நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் இருக்கும். இந்தப் பொய்யைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, இருட்டில் தனியாக நடப்பவர் இதை நம்பித்தானே போகிறார்!

பனி இறங்கும் நாட்களில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் பிடியுங்கள். வெள்ளைச் சுவர் போல எதிரே மறைப்பது குறையும்.