பருத்தித் தாளும் பாட்டியின் அரக்குப் புடவையும்

நேற்று இரவு பாட்டியின் படத்தை மூன்றாவது முறையாக அச்சிட்டேன். இப்போதுதான் அந்த அரக்குப் புடவை அரக்காகவே வந்திருக்கிறது. முதல் இரண்டு தாள்களிலும் செங்கல் நிறம். கொசுவத்தின் மடிப்புகள் எல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துப் போயிருந்தன.

தாள் ஹானமூலே நிறுவனத்தின் போட்டோ ரேக், சதுர மீட்டருக்கு 308 கிராம், முழுப் பருத்தி. பிழை என்னுடையதுதான்: பளபளப்புத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலையே (ஒரு தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) இதற்கும் வைத்துவிட்டேன். பருத்தித் தாள் மையை வாங்கும் விதமே வேறு. அதன் கறுப்பு பளபளப்புத் தாளின் அளவுக்கு ஆழம் போகாது. தாள், பிரிண்டர் மாடல், மை மூன்றுக்கும் பொருந்தும் புரொஃபைல் வேண்டும். தாள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உடன் வரும் குறிப்பைத் தயவுசெய்து படியுங்கள். பிரிண்டர் அமைப்பில் எந்த மீடியா வகையை (தாள் வகையை) வைத்து அந்தப் புரொஃபைலை உருவாக்கினார்களோ, அதையே நீங்களும் தேர்ந்தெடுக்க வேண்டும். மேட் பிளாக் மையா (பளபளப்பில்லாத தாளுக்கான கறுப்பு), போட்டோ பிளாக் மையா (பளபளப்புத் தாளுக்கான கறுப்பு), எவ்வளவு மை என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது.

போட்டோஷாப்பிடம் நிறத்தை ஒப்படைத்தால் பிரிண்டர் டிரைவரின் நிற நிர்வாகத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நிறம் இரண்டு முறை மாற்றப்பட்டுக் கெட்டுவிடும்.

அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபில், தாளில் வராத நிறங்களை மட்டும் அருகிலுள்ள நிறத்துக்கு மாற்றும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இந்தப் படத்துக்குப் பெர்செப்சுவல்தான்; மடிப்புகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன.

காலையில் மை நன்றாக உலர்ந்தபின் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். முந்தானை ஓரத்தில் பாட்டி கையால் போட்ட தையல்கூடத் தெரிகிறது. அம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.