பழைய பள்ளிக்கூடத்தில் நூலகம் வைக்கும் முன்

பூட்டிக் கிடக்கும் பழைய பள்ளிக்கூடத்தை நூலகம், தையல் வகுப்பு, கூட்ட அரங்கு என ஊரே பகிர்ந்துகொள்ளும் வளாகமாக்குவது நல்ல காரியம். எந்த அறை யாருக்கு என்று முதல் கூட்டத்திலேயே பங்கு பிரித்துவிடுவதில்தான் தவறு தொடங்குகிறது. அதைக் கட்டடம் சொல்லவேண்டும்.

சுண்ணாம்புக் காரைச் சுவரும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய மொட்டைமாடி) என்றால் முதலில் உத்திரங்களுக்கு எண் போடுங்கள். ஒவ்வொன்றும் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தேக்கு கணீரென்று ஒலிக்கும். மந்தமாகக் கேட்டால் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உளுத்த மரம் புட்டு மாதிரி உதிரும். நடுவில் வைரம் பாய்ந்து நிற்கும் உத்திரம் முனையில் மட்டும் உளுத்திருக்கும். கைப்பிடிச் சுவரோரம் இறங்கிய மழைநீர் காற்றுப்படாத சுவர்க்குழியில் தங்கியதே காரணம். முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. கீழே முட்டுக் கொடுத்து, உளுத்த பகுதியை வெட்டி, பழைய தேக்கையே இணைத்து போல்ட் போடலாம். முனையைச் சுற்றி இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள்.

அடுத்து மாடிக்கு ஏறுங்கள். ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டிருப்பார்கள். 10 செ.மீ. கூடினாலே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ அதிகச் சுமை. அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு 75 மி.மீ. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, கடுக்காய் நீர் தெளித்து இறுகத் தட்டி, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிக்க வேண்டும்.

இப்போது அறைகளுக்கு வருவோம். நம் நாட்டுக் கட்டட விதிப்படி வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ சுமை கணக்கு. புத்தக அடுக்கு அறைக்கு 600, நிலையான இருக்கை இல்லாத அரங்குக்கு 500. ஆகவே நூலகமும் கூட்ட அரங்கும் தரைத்தளத்தில். தையலும் மாலை வகுப்பும் மாடிக்குப் போகலாம், பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகு.

ஜப்பானின் கியோட்டோவில் 1993-ல் மூடிய மெய்ரின் தொடக்கப்பள்ளி 2000-ல் கலை மையமானது. வகுப்பறைகள் கலைஞர்களின் பணியறைகளாயின, ஒன்று காபிக்கடையானது. 78 பாய் விரித்த பெரிய கூடம் கூடமாகவே இருக்கிறது. அறையின் இயல்பை ஒட்டிய இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்தது.

சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்திருந்தால் சிமென்ட் பூச்சுதான் காரணமாக இருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு செங்கலைத் தின்கிறது. சுவரில் ஈரம் ஏறி நிற்கும் கோட்டுக்கு மேல் ஒரு மீட்டர் வரை கொத்தியெடுத்து, ஒரு கோடை காயவிட்டு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டு எனப் பூசுங்கள். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போர்த்தியிருக்கட்டும். வெயில் பட்டால் வெடிக்கும்.

கழிப்பறையை உள்ளே கொண்டுவராதீர்கள், தனிக்கட்டடமாக வெளியே கட்டுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். தரைமட்டம் 60 செ.மீ. உயரமென்றால் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். தாழ்வாரத்தை உடைக்காமல் பக்கவாட்டில் அமையுங்கள்.

மின்மீட்டரை அமைப்புவாரியாகப் பிரித்துவிடலாம். கூரையைப் பிரிக்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன் மாடியின் நீர்த்தாரையில் அடைத்த வேப்பிலையை யார் எடுப்பது, மாடிச் சாவி யாரிடம் இருப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.