டம்மி மாத்திரை இருக்கு, டம்மி ஊசிக்கு எங்க போறது?

அக்குபஞ்சர் வேலை செய்யும்னு அடிச்சு சொல்றவங்களும் சரி, எல்லாம் மனப்பிரமைன்னு சொல்றவங்களும் சரி, ரெண்டு தரப்புமே தாராளமா எடுத்துக் காட்டலாம்ங்கிற மாதிரி ஒரு ஆராய்ச்சி இருக்கு. ஜெர்மனியில நடந்த ஜெராக்ங்கிற அக்குபஞ்சர் ட்ரையல், முதுகுவலி ரிசல்ட் 2007ல வந்துச்சு. மொத்தம் 1162 பேர், சராசரியா 8 வருஷமா முதுகுவலியோட இருக்கறவங்க. ஒரு குரூப்புக்கு முறைப்படி அக்குபஞ்சர், இன்னொண்ணுக்கு டம்மி, அதாவது நிஜம்னு நம்ப வெச்சு குத்துற போலி அக்குபஞ்சர், மூணாவதுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாசம் கழிச்சு பாத்தா தேறினவங்க முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம்.

இப்ப சொல்லுங்க, ஜெயிச்சது யாரு?

டம்மிய விட வெறும் 3.4 கூட, அது தற்செயலாவே வரக்கூடிய வித்தியாசம்தான். ஆனா அந்த டம்மி என்னன்னு பாருங்க, அக்கு பாயிண்ட், அதாவது இங்கதான் குத்தணும்னு அக்குபஞ்சர் சொல்ற இடம், இல்லாத இடமா பாத்து மேலாப்புல குத்துறது, அதுவும் ஊசிதானே, தோல்ல ஏறுது, அரை மணி நேரம் படுக்க வெச்சு ஒரு டாக்டர் கவனிக்கிறாரு, அதுக்கெல்லாம் உடம்பு ஒண்ணுமே பண்ணாதுன்னு யார் சொன்னா? நாடகத்துல வர்ற கத்தி மாதிரி குத்தினதும் பிடிக்குள்ள போயிடற ஊசி ஒண்ண 1998லயே ஸ்ட்ரைட்பெர்கர்ங்கிறவர் கொண்டு வந்தாரு, நோயாளிய ஏமாத்திடலாம், குத்துறவருக்கு தெரியாம இருக்குமா.

எனக்கு பெரிய இடிப்பு அந்த 27.4லதான். எட்டு வருஷமா மாத்திரை தின்னு சலிச்சவன் ஊசி கிடைக்கும்னு பேர் குடுத்தா மறுபடியும் அதே மாத்திரைன்னா கடுப்பாக மாட்டானா? வலி எவ்ளோன்னு அவன் வாயாலதானே கேட்டு எழுதறாங்க. இதுல இன்னொரு ரூல் வேற, இடையில அனுமதி இல்லாத வேற வைத்தியத்துக்கு போயிட்டா வலி குறைஞ்சிருந்தாலும் 'தேறலை' கணக்குதான். கடுப்பானவன்தான் வெளிய போவான்னு நான் நினைக்கிறேன், அப்ப அந்த நம்பர் எவ்ளோ நம்பலாம்?

சும்மா விட்டாலே எத்தனை பேருக்கு குறைஞ்சிருக்கும்னு பாக்க வைத்தியமே இல்லாத நாலாவது குரூப்பும் கிடையாது. வலி உச்சத்துல இருக்கும்போதுதான் ஆள் வந்து சேருவான், அப்பறம் அது தானா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அந்த இறக்கம் மூணு குரூப்லயும் கலந்திருக்கு.

ஜெர்மனியில பெரும்பாலானவங்களுக்கு இருக்கற சட்டப்படியான ஹெல்த் இன்ஸூரன்ஸ், நாள்பட்ட முதுகுவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் அக்குபஞ்சர் செலவ 2007லேர்ந்து ஏத்துக்குது. பாயிண்ட்ட தப்பா குத்தினாலும் கிட்டத்தட்ட அதே பலன்னு அவங்க நாட்டு ட்ரையலே சொல்லியும் காசு குடுக்கறாங்க, வழக்கமான வைத்தியத்த விட மேலா இருக்குல்ல, அது போதும்னு.